போர்த்திக்கொண்ட தோல்

திமிங்கில வேட்டைக் கப்பலில் ஈட்டி எறிகிற கயித்தான், பனிக்கடலில் வாழும் தந்தமுள்ள விலங்கான வால்ரஸில் ஒரு தாயைக் கொன்றான். அதன் குட்டியை மாலுமிகள் வலைபோட்டு உயிரோடு தூக்கினார்கள். ஏதோ மிருகக்காட்சிசாலைக்காம். மூன்று நாளாகக் குட்டி எதையும் தொடவில்லை. நான்காம் நாள் கயித்தான் தாயின் தோலில் வெட்டிய ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கஞ்சியை நீட்டினான். குடித்தது. கரை சேரும்வரை நாற்பது நாளும் அந்த நாற்றத்துக்குள் இருந்தபடியேதான் அதற்குக் கஞ்சி ஊட்டினான்.

துறைமுகத்தில் மாலுமித் தலைவர் மீராசா தண்டல் வந்து, தோலை விற்பதற்காக அவன் தோளிலிருந்து உருவினார். குட்டியின் கூண்டை உரசிக்கொண்டுதான் அதைத் தூக்கிப்போனார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் சட்டையோடு நின்ற கயித்தானிடம் நகர்ந்து வந்து, ஈட்டி பிடித்துக் காய்த்துப்போன அவன் உள்ளங்கையில் எப்போதும்போல் மோவாயை வைத்துக்கொண்டது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் அது யார் கையில் குடித்ததாக நினைத்திருந்தது?

தாயைக் கொன்ற அந்தக் கையை உருவிக்கொண்டு தண்டலின் பின்னால் ஓடினான்.

"அந்தத் தோல எங்கிட்டயே குடுத்துரும், தண்டலே."

"ஏம்ல, அது இல்லாம குட்டி கஞ்சி குடிக்க மாட்டேங்குதோ?"

"குட்டிக்கு இல்ல," என்றான் கயித்தான். "எனக்கு."