பாடகர் இல்லாத அட்டை

“அட்டையில பாடகர் முகத்தைப் போடாம, கச்சேரியில குதிக்கிற கூட்டத்தைப் போட்டா யாரும்மா வாங்குவாங்க? கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான். விக்கலைன்னா அடுத்த இதழுக்கு வேற ஆளைப் பார்த்துக்குவேன்!” என்று எரிந்து விழுந்திருந்தார் ஆசிரியர்.

அதனால்தான் அந்த இசைப் பத்திரிகையின் வடிவமைப்பாளர், இதழ் வெளிவந்த காலையிலேயே விற்கிறதா என்று பார்க்கக் கடை வாசலில் நின்றாள்.

தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்த ஒருவர் வேகமாக வந்தார். அட்டையை ஒரே ஒரு முறைதான் பார்த்தார்.

“எத்தனை இருக்கு?” என்று கடைக்காரரிடம் கேட்டார்.

“முப்பது.”

“அத்தனையும் கொடுங்க!”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் வழிமறித்தாள்.

“சார், அந்த அட்டை நான் பண்ணினது! எது சார் உங்களை அப்படி இழுத்துச்சு? கலரா? எழுத்தா?”

அவர் தொப்பியைக் கழற்றினார். அட்டையின் நடுவே, எல்லாரையும்விட ஓர் அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த அதே முகம்!

“நல்லா இருப்பீங்கம்மா! இடுப்பு பிடிச்சு அசைய முடியலைன்னு அந்தக் கச்சேரி அன்னைக்குத்தான் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன். எங்க மேனேஜர் இந்தக் கடையிலதான் பேப்பர் வாங்குவார்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “உங்க தோள்ல கை போட்டுக் குதிக்கிறாரே, அவர் யாரு?” என்றாள்.

“சர்டிபிகேட் கொடுத்த டாக்டர். அடுத்த தெருக் கடைக்குப் போயிருக்கார்.”