பெயர் ஓடும் நேரம்

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஓமானில், சோஹார் லேபர் கேம்ப் அறையில் ஏசி இரைகிறது. டிவியின் நீல வெளிச்சம் இரும்புக் கட்டில்களில் நடுங்குகிறது. திரையில் மொட்டைத் தலை, சரிந்த இடது கண். போன வாரப் படத்தில் ஜெயிலராக வந்த அந்தக் கிழ அமெரிக்க நடிகர் இன்று டாக்சிக்காரராக வந்து, ஹீரோவுக்காகக் குண்டு வாங்கிச் செத்தாயிற்று. படம் முடிந்து நடித்தவர்கள் பெயர் மேலேறத் தொடங்கியதும் சேனல் சோப்பு விளம்பரத்துக்குத் தாவுகிறது. அம்மையப்பனின் செருப்பு பறந்துபோய் டிவியில் மோதுகிறது. “எத்தன படத்துல சாவுறான் மனுசன்! பேரு வர்றப்ப மட்டும் அறுத்துடுறானுங்க!” “தெரிஞ்சு என்னண்ணே பண்ணப்போற?” பக்கத்துக் கட்டில் வாசு சிரிக்கிறான். வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அலறுகிறது. லீவு நாளிலும் டூட்டி. ஃபோர்மேன் கதவை இடிக்கிறான். “ஏய் வெல்டர், யல்லா, கெளம்பு!” அம்மையப்பன் அசையவில்லை. சோப்பு நுரையை முறைத்தபடியே கத்துகிறார்: “வெல்டர்னு இங்க எவனும் இல்ல!”