பக்கத்துக் கூடாரத்து வாசனை

வெள்ளரிக் கூடாரமும் முலாம்பழக் கூடாரமும் அடுத்தடுத்துதான். இரண்டிலும் இருப்பது ஒரே பெட்டியில் பிறந்த தேனீக்களின் வம்சம். இப்போது அதுகள் ஒன்றோடொன்று சேருவதில்லை. வாசனை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வேறு செடி வாசனையோடு ஆள் போனாலும் மொய்த்துக் கொட்டும். அதனால் கூலியாட்கள் அந்தந்தக் கூடாரத்து மருந்தைக் குடித்தாக வேண்டும். வேர்வையே செடியாக மணக்கும்.

வெள்ளரி மருந்து இறங்கும் வருசக் கெடு முடிந்ததும், மாதம்மாவைக் கேட்காமலே அவளை முலாம்பழத்துக்கு மாற்றினார்கள். மருந்து உடம்பில் ஏறியதும் கைப்பிள்ளை அவள் மாரில் வாய் வைக்க மறுத்துவிட்டது. வெள்ளரியிலேயே இருந்த அப்பன் முனிரத்தினத்திடம் மட்டும் அழாமல் ஒட்டிக்கொண்டது.

“சார், என்ன வெள்ளரிக்கே மாத்துங்க. புள்ள பட்டினி கெடக்குது.”

“இப்ப குடிச்ச மருந்து இனி ஒரு வருசத்துக்கு எறங்காதும்மா. அங்க போனா ஈ உன்னக் கொன்னுடும்,” என்றார் மேஸ்திரி. “வேணும்னா புள்ளைக்கும் முலாம்பழ மருந்து ரெண்டு சொட்டு ஊத்து. ஈயே புது வாசனைக்குப் பழகிக்கிச்சு, உனக்கென்ன?”

ஊற்றினாள். பிள்ளை முட்டி முட்டிக் குடித்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த முனிரத்தினம் ஆசையாகக் கை நீட்டினான். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது.

“பால் குடிக்குதுல்ல, அது போதும் விடு,” என்று சொல்லிவிட்டு அவன் பாயை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.