ஐந்தாவது ஆள்

கொள்ளிச்சட்டியைத் தாங்கிய கயிறு வேல்ராஜின் விரல்களை அறுக்கிறது. அவனுக்கு முன்னால், அப்பா காசிலிங்கத்தின் பாடையைச் சுமந்தபடி நான்கு பேர் நடுரோட்டில் நிற்கிறார்கள். குறுக்கே போலீஸின் இரும்புத் தடுப்பு. துறைமுகச் சாலைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து ஊர் கூடியதால் தடையுத்தரவு: ஐந்து பேர் சேர்ந்து போகக் கூடாது. தடுப்புக்கு அப்பால், வேப்பமர நிழலில் காவலர்கள் பத்துப் பேர் கூடி டீ குடிக்கிறார்கள். குடைக்குக் கீழே நிற்கும் அதிகாரி, பள்ளிக்கூட விழாவுக்கு வந்தவர் போலத் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "நடமாடுறது அடிப்படை உரிமை. அரசியல் சாசனமே கொடுத்திருக்கு. ஆனா நியாயமான கட்டுப்பாடும் உண்டு. தூக்குற நாலு பேரும் தாராளமா போகலாம். தம்பி அஞ்சாவது ஆள்." "அய்யா, நாந்தான கொள்ளி வைக்கணும்? பெத்த மவன்லா." "அவங்க சுடுகாட்டுல இறக்கி வச்சுட்டுத் திரும்பட்டும். அப்புறம் நீங்க போங்க." பாடையின் முன்கொம்பைத் தாங்கும் அத்தான் சுடலைக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "நல்லவேளை மச்சான், மாமாவையும் ஒரு ஆளா எண்ணாம விட்டாரு. எண்ணிருந்தா அவரும் இங்கனதான் கெடக்கணும்." அதிகாரி பாடையைப் பார்த்து ஒருகணம் யோசிக்கிறார். வெயில் ஏறுகிறது. நேற்று மத்தியானம் பிரிந்த உயிர். இனியும் உடலை வைத்திருக்க முடியாது. பாடை நுழையும் அகலத்துக்கு மட்டும் தடுப்பு விலகி, மறுபடி மூடிக்கொள்கிறது. பனைகளுக்கு நடுவே செம்மண் பாதையில், கொள்ளிக்கு மகன் இல்லாமல், அப்பா சிறுத்துக்கொண்டே போகிறார். வேல்ராஜ் தடுப்போரம் குந்தி உட்கார்ந்து, கனல் அவிந்துவிடாமல் ஊதுகிறான்.