சூடேறாத லாரி

மெக்கானிக் முகமது இஸ்மாயில் பொய் சொல்கிறார் என்று ரகுநாதனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நசரத்பேட்டைக்குக் கிளம்பினார்.

ஆவடி ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன கையோடு ரகுநாதன் வாங்கிய பழைய லாரி அது. செம்பரம்பாக்கம் குடோனிலிருந்து அம்பத்தூருக்கு லோடு அடிக்கிறது. ஒரே வண்டி. ஒரே டிரைவர், கஜபதி.

வண்டி சூடே ஏற மாட்டேங்குது என்று போன வாரம் கஜபதிதான் வந்து சொன்னான். ரகுநாதன் சிரித்துவிட்டார். இந்த வெயிலில் அவனவன் வண்டி சூடேறி நடுரோட்டில் நிற்கிறது. நம் வண்டி குளுகுளுவென்று ஓடினால் நல்லதுதானே?

நல்லதில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. எவ்வளவு தூரம் ஓடினாலும் மீட்டர் முள் அடியிலேயே கிடந்தது. வண்டி வெள்ளைப் புகை கக்கியது. மேம்பாலம் ஏற முக்கியது. டீசலை மட்டும் தண்ணீராகக் குடித்தது.

இஸ்மாயிலின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மீட்டர்தான் தப்பாகக் காட்டுகிறதோ என்று அவர் முதலில் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தார். கை வைக்க முடியாமல் சுட வேண்டிய குழாய் வெதுவெதுவென்று இருந்தது. மீட்டர் மேல் தப்பில்லை. அடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் ஓர் அட்டையைச் செருகிக் காற்றை மறைத்தார். முள் கொஞ்சம் அசைந்து கொடுத்தது.

எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் தடுத்து வைக்க உள்ளே ஒரு வால்வு உண்டு, கோளாறு அதில்தான், மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் தினமும் ஒரு கதை. வால்வு பூந்தமல்லியில் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறது. வந்தது சைஸ் சேரவில்லை. அங்கே குடோன் மேனேஜர் ரகுநாதனைப் போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

ரகுநாதன் போய்ச் சேர்ந்தபோது இஸ்மாயில் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். லாரி சுவரோரமாக நின்றது. சாவி அதிலேயே இருந்தது.

ரகுநாதன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி காத்திருந்தார். புகையில்லை. முள் மெல்ல எழுந்து, நடுவில் வந்து, அங்கேயே நின்றது.

இறங்கி வந்தார். வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி ரெடியா இருக்கே, பாய்?"

இஸ்மாயில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"வந்த அன்னிக்கே ரெடி சார். எவனோ வால்வையே கழட்டிட்டு வெறும் மூடிய மாட்டிக்கீறான். புதுசு போட்டேன், சரியாப் பூட்ச்சு."

"அப்புறம் எதுக்கு இத்தனை நாள் பொய்?"

இஸ்மாயில் சொன்னார். கஜபதியின் மனைவி எழிலுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் முடிந்து கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. வண்டியை ஷெட்டில் விட்ட கையோடு கஜபதி அங்கேதான் ஓடியிருக்கிறான். வண்டி ரெடி என்று காதில் விழுந்தால் அவளை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பான். அதனால் அவனிடமும் அதே பொய்தான்.

ரகுநாதனுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஒன்றாம் தேதியே சம்பளம், தீபாவளிக்குப் போனஸ், வாய் நிறையத் தம்பி என்று கூப்பிடுகிற முதலாளி அவர்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா லீவு குடுத்திருக்க மாட்டேனா?"

"அவுங்கம்மா செத்தப்ப கேட்டான் சார். லோடை எறக்கிட்டுப் போ, இல்லாங்காட்டி ஆக்டிங் டிரைவர் போட்டுக்கறேன், இனிமே அவனே இருக்கட்டும்னீங்களாம். எறக்கிட்டுப் போறதுக்குள்ள அங்க எடுத்துட்டாங்க." இஸ்மாயில் குரலை உயர்த்தவில்லை. "அதுலேர்ந்து அவன் லீவே கேக்கறதில்ல. வண்டி ஷெட்டுல கீற வரைக்கும்தான் அவனுக்கு நிம்மதி. வேற எவனும் சீட்டுல குந்த மாட்டான் பாரு."

ரகுநாதனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அவசர லோடு. ஏதோ சொன்னோம். என்ன சொன்னோம் என்பது அன்று சாயங்காலமே மறந்துபோயிருந்தது.

பெஞ்சின் மேல் இஸ்மாயிலின் போன் அடித்தது. கஜபதி. கையில் இன்னும் கிரீஸ் ஒட்டியிருந்ததால் சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"பாய், வண்டி இன்னா ஆச்சு? சார் கடுப்புல கீறாரு. ரெடின்னா சொல்லு, இப்பவே வந்துர்றேன்."

யாரோ பெட் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது அவன் குரலுக்குப் பின்னால் கேட்டது.

இஸ்மாயில் ரகுநாதனைப் பார்த்தார்.

"பாய், அது நம்ம வண்டி சவுண்டு மாதிரி கீதே?" என்றான் கஜபதி.

ரகுநாதன் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான்தான் பேசறேன், கஜபதி. இது வேற வண்டி. நம்ம வண்டி ரேடியேட்டரும் ஓட்டையாம், இப்பத்தான் கழட்டச் சொன்னேன். எத்தனை நாள் ஆனாலும் நீ வந்துதான் எடுக்கணும். நான் கூப்பிடற வரைக்கும் நீ எங்க இருக்கியோ அங்கேயே இரு."