பஜ்ஜிப் பொட்டலம்

அக்கா பிரித்த தாளை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

மூலையில் டீக்கறை. அவளே எழுதிய கதைதான்.

அக்காவை வைத்தே எழுதிய கதை.

கிளை நூலகத்தின் மாடியில் ஞாயிறுதோறும் கதைப் பட்டறை. ஆறு பேர் வருவார்கள். பெயர் போடாமல் கதையை மடித்து பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். ஆளுக்கொன்றாக எடுத்து வாசிக்க வேண்டும். தன்னுடையதே வந்தால் திருப்பிப் போட்டுவிட வேண்டும். எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் கையைத் தூக்கினால் போதும்.

இந்த வாரம் வர மாட்டேன் என்று, அவளோடு கம்பெனியில் வேலை பார்க்கும் அமுதவல்லி அக்கா சொல்லியிருந்தாள். அந்தத் தைரியத்தில்தான் அவள் அதைப் போட்டாள். அக்கா கடைசி நிமிடத்தில் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். தன் கதையையும் டப்பாவில் போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அக்கா வாசித்தாள்.

கூடத்தில் புருஷனின் பிணம். அடுப்பு மூட்டாத வீடு. பெண்டாட்டிக்குப் பசி தாங்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, முந்தின நாள் பஜ்ஜியைத் தின்கிறாள்.

ஆறு வருடம் யாரிடமும் சொல்லாததை, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா அவளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அதைக் கதையாக்கும்போது அவள் பெயரை மாற்றினாள். ஊரை மாற்றினாள். அது போதும் என்று நினைத்துவிட்டாள், வெட்கங்கெட்டவள்.

அக்காவின் குரல் ஓரிடத்தில் நின்றது. தண்ணீர் குடித்தாள். மறுபடி வாசித்தாள்.

"விரல்களை ஒவ்வொன்றாக நக்கினாள்."

அது அக்கா சொன்னதில்லை. கதைக்குக் காரம் போதவில்லை என்று இவள் சேர்த்தது.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் நாச்சிமுத்து முகத்தைச் சுளித்தார்.

"பொணத்தப் போட்டுட்டுத் திங்கறவ என்ன பொம்பளைங்க?"

நூலகர் தங்கவேலுவுக்குப் பிடித்திருந்தது. அந்த விரல் வரியில்தான் கதையே இருக்கிறது என்றார். "யாரு எழுதுனது? கையத் தூக்குங்க."

அவள் கை மடியில் கிடந்தது. தூக்கினால் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

அக்காவுக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் கை எழவில்லை.

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது.

"நானுங்க," என்றாள் அக்கா. "என்னுதே எனக்கு வந்துருச்சு. திருப்பிப் போடத் தோணல."

போஸ்ட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா."

"விரல் நக்குனது மட்டும் பொய்யிங்க. அத அடிச்சிரலாம்." அக்கா தாளைத் தடவினாள். "பஜ்ஜி அவரு வாங்கியாந்தது. எனக்குப் புடிக்கும்னு. அது எழுதாம உட்டுப்போச்சு."

அதையும் பஸ் நிறுத்தத்தில் அக்கா சொல்லியிருந்தாள். அவள்தான் வெட்டினாள்.

அக்கா தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மற்றவர்களுடையதெல்லாம் முன்பே வாசித்தாகிவிட்டது. டப்பாவில் இன்னும் ஒரு தாள்தான் இருந்தது. வாசிக்காதவளும் அவள் ஒருத்திதான்.

"மிச்சம் உங்களோடதாத்தான் இருக்கும். பரவால்லைங்க, நீங்களே வாசிங்க," என்றார் தங்கவேலு.

பிரித்தாள்.

அக்காவின் கையெழுத்து.

தாளை நேராக்கிப் பிடித்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். அக்கா குனிந்து வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வாசித்தாள்.

"அவளிடம் மட்டும் எதையும் சொல்லலாம்."