வெறும் மாத்திரையின் மகிமை

ரத்த அறிக்கையைப் பார்த்த டாக்டர் நரீராத் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். மாதவிடாய் நின்ற பெண்கள் தடுக்கி விழுவதை வைட்டமின் டி தடுக்குமா என்று தாய்லாந்தின் கோன் கேன் நகரில் நடந்த ஆய்வு அது. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு. யாருக்கு எது என்பது இன்றுதான் வெளிவந்தது.

“பிரானீ அக்கா, உங்களுது நிஜம். வன்பென் அக்கா, உங்களுக்கு வெறும் மாவுதான். ஆனா உங்க ரத்தத்துலயும் வைட்டமின் ஏறியிருக்கு, நீங்களும் விழவே இல்ல. உலகமே நம்மளப் பத்திப் பேசப்போகுது.”

அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒருத்தி மட்டும் ஏமாறக் கூடாதுன்னு, நீங்க குடுத்த ரெண்டு டப்பாவையும் அன்னைக்கே ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டோம் டாக்டர்,” என்றாள் பிரானீ.

நரீராத் அப்படியே உட்கார்ந்தாள்.

“தினமும் ஒரே மூங்கில் கூடையில கைவிட்டு ஒட்டரிசிச் சோறு உருட்டிச் சாப்பிடுறவங்க,” என்றாள் வன்பென், “மாத்திரைக்கு மட்டும் தனிக் கூடையா வைப்போம்?”